சுருதிப் பெட்டிக்கு ஒரு பதிப்பாசிரியர்

ஒருவர் தம் கையால், தம் பட்டறையில் செய்த மின்னணு இசைக்கருவி ஒன்று பழுதாகிக் கிடக்கிறது. செய்தவர் மறைந்துவிட்டார், அல்லது வேறு வேலைக்குப் போய்விட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொருவர் அதே கருவியைக் கணினிக்குள் மென்பொருளாகத் திரும்பச் செய்கிறார். திரையில் அதே திருகுகள், ஏறத்தாழ அதே ஓசை. இப்படிச் செய்ததைப் போலி என்பதா, நினைவுச்சின்னம் என்பதா, புதுக் கருவி என்பதா? மூன்றுமே முழுதாகப் பொருந்தவில்லை. ஏட்டுச் சுவடியிலிருந்து ஒரு நூல் அச்சுக்கு வருகிறதே, அந்தப் பொருளில் இது ஒரு பதிப்பு என்பதுதான் என் கட்சி. பதிப்பு என்று ஒப்புக்கொண்டால், அதை எடைபோட வேண்டிய முறையும் மாறிவிடும். அசல் போலவே ஒலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போக முடியாது. எந்தப் பிரதியை வைத்துச் செய்தாய், எங்கே ஊகித்தாய், எதைத் திருத்தினாய் என்றும் கேட்டாக வேண்டும்.

இதற்கு உலகறிந்த சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. டாஃப்னி ஓரம் பிபிசி வானொலியில் ஒலிப்பொறியாளராக இருந்தவர். 1958-இல் அங்கே ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்ற மின்னணு ஒலிக்கூடம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். மறு ஆண்டே வேலையை விட்டார். கென்ட் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தில் குடியேறித் தாமே ஒரு கருவி செய்யத் தொடங்கினார். 1962-இல் குல்பெங்கியன் அறக்கட்டளை நிதி கொடுத்தது. ஓராமிக்ஸ் என்று பேர் வைத்த அந்தக் கருவியில் பத்து 35 மில்லிமீட்டர் சினிமா பிலிம் சுருள்கள் ஒரே வேகத்தில் ஓடும். ஓரம் அவற்றின் மேல் மையால் கோடும் புள்ளியும் இடுவார். ஒருபுறம் விளக்கு, மறுபுறம் ஒளியுணரி. மை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறி, சுருதியையும் ஓசையளவையும் ஆளும். ஒலியின் அலைவடிவத்தைக் கண்ணாடித் தகட்டில் தூரிகையால் தீட்டுவார். அதாவது இசையை எழுதினால் கருவி அதைப் படிக்கும். 2003-இல் ஓரம் காலமானார். 2011-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அந்தக் கருவியைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தது. அது வாசிக்கும் நிலையில் இல்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் மிக் கிரியர்சன் அதன் செயல்முறையை மென்பொருளாக எழுதினார். கைப்பேசித் திரையில் விரலால் அலைவடிவம் வரைந்து கேட்கும்படி அது வெளிவந்தது. ஓரமின் கருவியைத் தொட்டு வாசிக்க இனி யாருக்கும் வாய்ப்பில்லை. ஆனால் அவர் எப்படி நினைத்தார் என்பதைக் கையால் செய்து பார்க்க வழி உண்டு. அந்த வழியை உண்டாக்கியது அருங்காட்சியகப் பேழையா, மென்பொருளா என்று கேட்டால், மென்பொருள்தான்.

தொழிற்சாலையில் செய்த கருவிக்கும் பட்டறையில் செய்த கருவிக்கும் இங்கே பெரிய வேறுபாடு உண்டு. பம்பாயின் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்த டிபி-303, டிஆர்-808 என்ற இரண்டு பெட்டிகளும் அதில் பேசுகின்றன. அதே இரண்டு பெட்டிகளையும் ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்று 1997-இல் ரீபர்த் என்ற மென்பொருளாக்கியது. ரோலண்ட் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் விற்றவை. சுற்றுப்படமும் பழுதுபார்க்கும் கையேடும் உண்டு. ஒரு பெட்டி சற்றுப் பிசகினால் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சுவடி உலகில் சொன்னால், பல பிரதிகள் கிடைத்த நூல் அது. கையால் செய்த கருவியோ ஒற்றை ஏடு. அதில் ஒரு ரெசிஸ்டரின் அளவு விசித்திரமாக இருந்தால், அது செய்தவர் காதால் கேட்டுத் தேர்ந்த அளவா, அன்றைக்குக் கடையில் கிடைத்தது அது ஒன்றுதானா, அல்லது வெறும் பிழையா என்று ஒப்பிட்டுச் சொல்ல இரண்டாவது பிரதி இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வகையும் உண்டு. 1970-களில் பிரிட்டனின் மின்னணுப் பத்திரிகைகள் சிந்தசைசர் சுற்றுப்படங்களைத் தொடராக வெளியிட்டன. வாசகர்கள் உதிரிப் பாகம் வாங்கி வீட்டிலேயே சால்டர் செய்தார்கள். படம் ஒன்று, உடல்கள் பல, ஒவ்வொன்றிலும் ஒரு கையின் திருத்தம். பாடபேதம் என்று நாம் சொல்வதற்கு இதைவிட நேரான நிகர் கிடைக்காது.

நம்மிடம் இதற்கு நெருங்கிய கருவி எது? பாட்டு வாத்தியார் வீட்டுக் கூடத்தில் இருக்கும் மின்னணு சுருதிப் பெட்டிதான். அதை யாரும் சிந்தசைசர் என்று கூப்பிடுவதில்லை. ஆனால் அதன் வேலை அதுவே. ஒரு சுற்று அலையை உண்டாக்குகிறது, இன்னொன்று அதைச் செதுக்குகிறது, மற்றொன்று மீட்டலின் எழுச்சியையும் தேய்வையும் தருகிறது. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவர் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும் கூட. சந்தையை அளந்து ஒரு பெரிய நிறுவனம் இறக்கிய பொருள் அன்று அது; மேடையில் சுருதிக்காகத் தவித்திருக்கக்கூடிய ஒரு காதும் சால்டர் பிடித்த ஒரு கையும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் பிறந்தது. அந்த ஆள் எதிர்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ளத் தம்புராவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதன் குதிரை அகலமானது, மேற்பரப்பு லேசாக வளைந்தது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவாளி நூல். தந்தி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தந்தியை மீட்டிய இடத்தில் எந்த மேற்சுரத்துக்கு அசையாப் புள்ளி விழுகிறதோ, அந்த மேற்சுரம் ஒலிக்காது என்பது ஐரோப்பிய இயற்பியலில் யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் பேரால் வழங்கும் விதி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது 1921-இல் வெளியிட்ட ஆய்வில், தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை, ஒலிக்கக் கூடாத மேற்சுரங்களும் ஒலிக்கின்றன, அதற்குக் காரணம் குதிரையின் அமைப்பு என்று காட்டினார். நாலு தந்தியில் ஒரு முழு மண்டபம் நிறைகிறதென்றால் அந்த மீறல்தான் காரணம். கையளவு டிரான்சிஸ்டர்களை வைத்துக்கொண்டு இந்தத் தொட்டு விலகலை அப்படியே நடத்திக்காட்ட 1979-இல் வழி கிடையாது. ஆகவே செய்பவர் தேர்ந்தாக வேண்டும். எதை விட்டால் தம்புரா தம்புராவாகவே இருக்கும், எதை விட்டால் அது வெறும் பீப்பியாகிவிடும்? சட்ஜ பஞ்சமத்தின் 3-க்கு 2 என்ற விகிதம் வேண்டும். மீட்டலின் வரிசை வேண்டும். ஒரு தந்தி அடங்குவதற்குள் அடுத்தது எழ வேண்டும். மேற்சுரங்களின் பளபளப்புக்கு ஏதாவது ஓர் ஏற்பாடு வேண்டும். மற்றது போகட்டும். சுருதிப் பெட்டியின் ஒவ்வொரு உறுப்பும் தம்புராவைப் பற்றி ஒருவர் சொன்ன கருத்து. ராமன் கட்டுரையாகச் சொன்னதை இவர் சுற்றாகச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று கைப்பேசியில் தம்புராச் செயலிகள் கணக்கில்லாமல் கிடைக்கின்றன. அவற்றுள் பல, உண்மைத் தம்புராவைப் பதிவு செய்து, துண்டாக வெட்டி, சுருதிக்கேற்ப ஏற்றி இறக்கி ஒலிக்கச் செய்பவை. சுருதிப் பெட்டிகளே கூடப் பின்னாளில் பதிவு செய்த ஒலிக்கு மாறின. நடுவில் இருந்த மின்சுற்றை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். இதில் என்ன குறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அசலே கையில் இருக்கும்போது நகலை ஏன் நகலெடுக்க வேண்டும் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதிவு என்பது ஒரு கருவி ஒரு நாளில் ஒரு கைக்குச் சொன்ன பதில். கருவி என்பது இனி வரப்போகும் எல்லாக் கைகளுக்கும் சொல்லக்கூடிய பதில்களின் தொகுதி. காரைக்குடி ஊர்க்காரர்களுக்கு இது புரியாத செய்தியல்ல. ஏ.வி. மெய்யப்பன் படம் எடுப்பதற்கு முன்னால் இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தவர். சரஸ்வதி ஸ்டோர்ஸ் தட்டுகளில் எத்தனையோ குரல்கள் இன்றும் இருக்கின்றன. அந்தத் தட்டைச் சுழலவிட்டு அந்தப் பாடகரை இன்னொரு பாட்டு பாடச் சொல்ல முடியாது. பதிவு செய்த தம்புராவும் அப்படித்தான். ஐந்து கட்டைக்குப் பதிவு செய்ததை ஒரு கட்டைக்கு இறக்கினால் தந்தியின் சுருதியோடு குடத்தின் அதிர்வும் சேர்ந்து இறங்கிவிடும். குடமே பெருத்துவிட்டது போலக் கேட்கும். உண்மைத் தம்புராவில் தந்தியைத் தளர்த்தினால் குடம் பெரிதாவதில்லை. இதைச் சரிசெய்ய வேண்டுமானால் தந்தி வேறு, குடம் வேறு, குதிரை வேறு என்று பிரித்துக் கணிதமாக எழுத வேண்டும். அப்படி எழுதியவர்களும் உண்டு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டன் வான் வால்ஸ்டைனும் அவருடைய கூட்டாளிகளும் தந்தி குதிரையைத் தொட்டு விலகும் இயக்கத்தைச் சமன்பாடாக்கி, உடனுக்குடன் ஒலிக்கும் தம்புரா மாதிரியை 2016-இல் வெளியிட்டார்கள். ராமன் கேட்ட கேள்விக்குக் கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து வந்த செயல்முறை விடை அது. ஒரு செயலியில் கிடைக்கும் பதிவு இந்த விடையைச் சொல்லாது, எவ்வளவு இனிமையாக இருந்தாலும்.

அடுத்து, அடிக்கடி கேட்கும் மறுப்புக்கு வருகிறேன். மின்சுற்றுக்கு ஓர் உயிர் உண்டு, மென்பொருளில் அது வராது என்பார்கள். உயிர் என்று சொல்வது எதை என்று பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி அளக்கக்கூடியது. ஓர் எளிய ஆஸிலேட்டரின் சுருதி, ரெசிஸ்டரின் அளவையும் கெபாசிட்டரின் அளவையும் பொறுத்தது. வீட்டில் செய்பவர் வாங்கும் சாதாரண ரெசிஸ்டரில் 5 சதவீதம் வரை கூடுதல் குறைவு இருக்கலாம். அலைவெண் 5 சதவீதம் விலகினால் 84 சென்ட், ஏறத்தாழ ஓர் அரைச்சுரம். 1 சதவீதம் விலகினால் 17 சென்ட். பிரமாண சுருதியே 22 சென்ட்தான். சூட்டிலும் இந்த அளவுகள் மாறும். ஆக, மதிய வெயிலில் பெட்டி சூடேறினால் சங்கீத சாஸ்திரிகள் சண்டை போடும் அளவுக்கு நெருங்கிய நகர்வு நடந்துவிடும். அதனால்தான் பழைய பெட்டிக்குத் திருகு வைத்தார்கள், பாடுகிறவர் கையும் அடிக்கடி அங்கே போயிற்று. இந்த நகர்வை மென்பொருளில் எழுதுவது கடினமே அல்ல. எந்த வெப்பத்தில் எவ்வளவு என்று அளந்து வைத்திருந்தால் போதும். உண்மையில் கடினமான இடங்கள் வேறு. கணினி ஒலியை ஒரு வினாடிக்கு 44,100 முறை கணக்கிடுகிறது. ஒரு கணக்குக்கு அதற்குக் கிடைப்பது சுமார் 23 மைக்ரோ வினாடி. மின்சுற்றில் வெளியே போவது அதே கணத்தில் உள்ளே திரும்பி வரும். மென்பொருளில் ஒரு கணக்கு தாமதமாகத்தான் வரும். ராபர்ட் மூக் 1960-களில் வடிவமைத்த ஏணி ஃபில்டரைக் கணினியில் எழுதியவர்கள் இந்த ஒரு தாமதத்தோடு பல ஆண்டு மல்லுக்கட்டினார்கள். பின்லாந்தின் ஆண்டி ஹுவோவிலைனென் 2004-இல் வெளியிட்ட முறையில், டிரான்சிஸ்டர்கள் ஓரெல்லைக்கு மேல் அழுந்தி வளைவதையும் ஒவ்வொரு படியிலும் கணக்கில் சேர்த்தார். அதற்குப் பிறகுதான் காது ஓரளவு ஒப்புக்கொண்டது. உயிர் என்று மொத்தமாகச் சொல்லிவந்ததில் ஒரு பங்கு இப்படி நாலு படி டிரான்சிஸ்டர்களின் வளைகோடாக விளங்கிவிட்டது. மிச்சம் இருப்பதும் இதே வழியில் ஒவ்வொன்றாக விளங்கக்கூடும். விளங்காமல் நிற்பதும் இருக்கலாம். எல்லாம் விளங்கிவிடும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

அசல், அசல் என்கிறோமே, எந்த அசல்? மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் இந்த ஊரில் இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த அந்த ஆய்வகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குள் இருப்பது ஒரு திரவம், நாளாக ஆக அது உலர்கிறது, மின்கொள்ளளவு குறைகிறது, உள்தடை ஏறுகிறது. 40 ஆண்டு கழித்துத் திறக்கும் சுருதிப் பெட்டி 1979-இல் ஒலித்தது போல ஒலிப்பதில்லை. மீட்டலின் தேய்வு மாறியிருக்கும், பின்னணியில் ஓர் உறுமல் சேர்ந்திருக்கும். கெபாசிட்டரை மாற்றினால் பழைய ஒலி திரும்பலாம். ஆனால் மாற்றிய பெட்டி முழுக்க அசல் இல்லை. மாற்றாமல் விட்டால் அது தன்னைத்தானே பொய்யாக்கிக்கொண்டே போகும். அசலோடு ஒத்துப்போகிறதா என்று மென்பொருளைக் கேட்பவர்கள், அசல் தன்னோடு ஒத்துப்போகிறதா என்று கேட்பதில்லை. செல்லரித்த ஏட்டை வைத்துக்கொண்டு நூல் முழுதாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லையே.

பதிப்பு என்று நான் சொல்வதன் கறாரான பொருள் இங்கேதான் வருகிறது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டார். தமக்கு விளங்காத இடத்தில் தம் சொல்லை நுழைக்கவில்லை. மறுபுறம், கம்பனுக்கு விழா எடுக்கும் இந்த ஊர் நன்கு அறிந்த இன்னொரு முறையும் உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் கம்பராமாயணத்தில் தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். சில பாடல்களின் சொற்களையும் மாற்றினார். அவருடைய ரசனை மிக உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் தந்தது அவருடைய கம்பன். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்து மேடைகளை அறிந்தவர்களுக்கு இந்த வழக்கின் இரு பக்கமும் தெரியும். பழைய சிந்தசைசர்களை மென்பொருளாக்கி விற்பவர்களில் பலர், தெரிந்தோ தெரியாமலோ ரசிகமணி வழியில்தான் போகிறார்கள். அசலில் இருந்த இரைச்சலை நீக்குவார்கள். ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலித்த கருவியில் பதினாறு சுரம் ஒலிக்க வைப்பார்கள். பிசிறை வெட்டி வெதுவெதுப்பைக் கூட்டுவார்கள். வாங்குபவருக்கும் அதுதான் பிடிக்கும். நான் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. திருத்தியதை எங்கே திருத்தினேன் என்று சொல்லாமல் அசலின் பேரைப் போட்டு வெளியிடுவதைத்தான் குற்றம் என்கிறேன். அடிக்குறிப்பு இல்லாத பதிப்பு அது. நல்ல மென்பொருள் இரண்டையும் வைத்திருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் செய்தவரின் சுற்று, பிழையோடும் இரைச்சலோடும். இன்னொன்றை அழுத்தினால் பதிப்பாசிரியரின் திருத்தம். அச்சில் இடம் போதாதென்று பாடபேதத்தைச் சுருக்கினார்கள். கணினியில் இடத்துக்கு என்ன பஞ்சம்?

இனி கனமான மறுப்பு. கருவியை எழுதிவிடலாம், கையை எழுத முடியுமா? இந்தக் கேள்வியை மற்ற ஊர்களைவிடக் காரைக்குடி உரக்கக் கேட்கலாம். திருக்கோகர்ணத்திலிருந்து வந்து இந்த ஊரின் பெயரைத் தாங்கிய வீணைச் சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தார். இளையவர் சாம்பசிவய்யர் வழக்கம்போலக் கிடத்தி வாசித்தார். ஒரே வீடு, ஒரே மரபு, இரண்டு பிடி. 1952-இல் சங்கீத நாடக அகாதமி முதன்முதலாக விருது கொடுத்தபோது பெற்றவர்களில் சாம்பசிவய்யர் ஒருவர். அவருடைய மெட்டின் மேல் நடந்த இழுப்பு எந்த எழுத்துக்குள் அடங்கும்? சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் இட்டார். எழுத முடியாது என்று சொல்லி விட்டுவிடவில்லை; எழுதினால் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்தார். மென்பொருளிலும் அதே துணிவு நடந்திருக்கிறது. வைணிகரான எம். சுப்பிரமணியன் சுரக்குறிப்பைப் படித்துக் கமகத்தோடு ஒலிக்கும் காயகா என்ற மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் செய்த முனைவர் ஆய்வு இன்னும் கூர்மையானது. காரைக்குடி மரபில் வந்த ராஜேஸ்வரி பத்மநாபன் வீணையில் வாசித்த சஹானா வர்ணத்தை எடுத்துக்கொண்டு, சுருதியின் அசைவை இரண்டு அடுக்காகப் பிரித்தார். கீழே மெதுவாக நகரும் ஒரு தளம். அதற்கு மேடை என்று பெயர் தந்தார். அதன் மேல் வேகமாக ஆடும் அசைவு. அதற்கு நடனம் என்று பெயர். குறைந்த குறிப்பைக் கொடுத்தால் இந்த இரண்டையும் சேர்த்து வாசிப்பை எழுப்பும் சிந்தசைசர் அது. இரண்டாம் காலத்தில் கமகம் வெறுமனே இரட்டை வேகத்தில் ஓடுவதில்லை என்பது கற்றவர்களுக்குக் கையில் தெரிந்த செய்தி. எது சுருங்குகிறது, எது விடுபடுகிறது, எது அப்படியே நிற்கிறது என்று கேட்டு விடை தேடவைத்தது கணினி மாதிரியை எழுதும் கட்டாயம். வாத்தியார் சீடனிடம் அதை வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை. கணினிக்குச் சொல்லாமல் தீராது. இதனால் குரு தேவையில்லை என்றாகாது. அந்த மென்பொருள் வாசிப்பதைக் கேட்டுச் சபை எழுந்து நிற்கப்போவதும் இல்லை. ஆனால் ஒரு பாணியைப் பற்றி இதுவரை சொல்லாமல் இருந்த சில விஷயங்கள் சொல்லாகிவிட்டன. தவறாகச் சொன்னவற்றை இனி ஒருவர் சுட்டிக்காட்டித் திருத்தலாம்.

இவ்வளவும் சரி, ஒரு பழைய சுருதிப் பெட்டிக்கு இத்தனை ஆராய்ச்சி தகுமா என்று ஒரு முணுமுணுப்பு வரும். தம்புராவுக்கு மாற்றாக வந்த மலிவுப் பொருள், அதைவிட நல்லது வந்ததும் ஒழிந்துபோகட்டும் என்பது அதன் உட்கருத்து. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பழைய நாடக நோட்டீசையும் திருமண அழைப்பையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்தபோதும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. சென்னையில் அவர் பெயரால் நூலகம் எழுந்தது. இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதுபவர் அங்கே போகாமல் எழுத முடியாது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவிக் கொடுத்தார்; கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலியவர்கள் அதில் இசை அமைத்தார்கள். அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்து, பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் இசைஞர் கண்ணில் பட்டு, 2023-இல் இசைத்தட்டாக வெளிவந்தன. மூக் என்ற பெரிய பேர் இருந்தும் இத்தனை காலம் ஆயிற்று. பேரில்லாத பெட்டிக்கு யார் வருவார்? மலிவுப் பொருள் என்பதற்கும் ஒரு பதில் உண்டு. இரண்டு தலைமுறைக் குழந்தைகள் சரளி வரிசை பாடியது அந்தப் பெட்டியின் பஞ்சமத்துக்குத்தான். அவர்களுடைய காதில் சட்ஜம் என்றால் என்ன என்பதைத் தம்புராவைவிட அதிகமாகத் தீர்மானித்தது அந்தச் சுற்று. இன்றைய குரல்களில் சில பழக்கங்கள் ஏன் வந்தன என்று நாளைக்கு ஒருவர் ஆராய வந்தால், அவருக்கு அந்தப் பெட்டி வேண்டும். அதன் பதிவு போதாது.

உரிமை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும் ஒருவர் செய்து, இன்றும் அதை வைத்துப் பிழைக்கிறார் என்றால் அவர் இசைவின்றி அவருடைய சுற்றை எடுத்து மென்பொருளாக விற்பது திருட்டு; அதில் விவாதம் இல்லை. வாணிபம் நின்றுபோனவற்றுக்கும், பேர் தெரியாத கைகள் செய்தவற்றுக்கும் நிலைமை வேறு. அங்கே நிரலைத் திறந்து வைப்பதே முறை. பதிப்பை மூடி வைத்தால் அடுத்த பதிப்பாசிரியர் எதைத் திருத்துவார்?

மென்பொருள் எழுதுவது கடைசி வேலை. முதல் வேலை அளப்பது. அதற்குப் பெரிய கூடம் தேவையில்லை. பொறியியல் கல்லூரி மாணவர் இருவரும் பாட்டுத் தெரிந்த ஒருவரும் போதும். பெட்டியைத் திறந்ததும் இரு பக்கமும் புகைப்படம் எடுக்க வேண்டும். தடங்களைப் பின்தொடர்ந்து சுற்றுப்படம் வரைய வேண்டும். ஒவ்வொரு உறுப்பின் மேல் அச்சிட்ட அளவையும் இன்று அளந்த அளவையும் இரண்டு பத்தியாக எழுத வேண்டும். பதிப்புக்கு இந்த இரண்டு பத்தியும் உயிர்நாடி. காலை, மதியம், இரவு என்று வெவ்வேறு வெப்பத்தில் ஒவ்வொரு கட்டையிலும் சுருதியை அளக்க வேண்டும். கெபாசிட்டரை மாற்றுவதென்றால் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒலியைப் பதிவு செய்ய வேண்டும். கழற்றியதைத் தூக்கி எறியாமல் ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதி வைக்க வேண்டும். ஸ்பைஸ் என்ற சுற்றுக் கணிப்பு மென்பொருள் 1973-இல் பெர்க்லியில் பிறந்து இன்று விலையின்றிக் கிடைக்கிறது. வரைந்த படத்தை முதலில் அதில் ஓட்டிப் பார்த்தால், படம் சரியா, பெட்டி கெட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பாட்டுத் தெரிந்தவரின் வேலை இதற்கெல்லாம் நடுவே இருக்கிறது. திருகை எந்த இடத்தில் வைத்தால் கை தானாக நிற்கிறது என்று அவர்தான் சொல்ல முடியும். அதையும் எண்ணாக எழுதிக்கொள்ள வேண்டும். இவை கையில் இருந்தால் மென்பொருளை இந்த ஆண்டு எழுதலாம், இருபது ஆண்டு கழித்தும் எழுதலாம். பழைய பெட்டிகள் எடைக்குப் போகும் வேகத்தைப் பார்த்தால், அளப்பதற்கு அவ்வளவு அவகாசம் இல்லை.